ஊதினால் விலகும் பனி: மருத்துவமனைக் குழந்தைகளிடம் டிஜிட்டல் ஓவியம் கொண்டுபோக ஒரு வழிகாட்டி

குழந்தைகள் வார்டில் ஒரு நாள் காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஊசி போடுகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறார்கள். இன்றைக்குச் சாப்பிடு என்கிறார்கள், நாளைக்கு ஆபரேஷன், சாப்பிடாதே என்கிறார்கள். எல்லாம் அந்தப் பிள்ளையின் நல்லதுக்குத்தான். ஆனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தப் பிள்ளை தானாக நினைத்துச் செய்கிற காரியம் என்று ஒன்றுகூட இருக்காது.

தொட்டால், ஊதினால், கையை ஆட்டினால் மாறுகிற ஒரு படத்தை அதன் முன்னால் கொண்டுபோய் வைப்பது இதற்காகத்தான். நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு டேப்லெட், ஒரு பழைய லேப்டாப், கைக்கு அடக்கமான ஒரு புரொஜெக்டர் எடுத்துக்கொண்டு போகிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் கேட்கிற கேள்விகளெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், இதைத் தொடங்கப்போகும் எல்லாருக்குமாக எழுதிவைக்கிறேன்.

யூடியூபில் கார்ட்டூன் போட்டுக்கொடுத்தால் போதாதா என்பது முதல் கேள்வி. அம்மாவின் போனில் கார்ட்டூன் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளை களைத்துப்போய்க் கிடக்கும்போது அது நல்லதும்கூட. ஆனால் கார்ட்டூன், பிள்ளை பார்த்தாலும் ஓடும், பார்க்காவிட்டாலும் ஓடும். நாம் கொண்டுபோகிற படம் பிள்ளை கை வைத்தால்தான் நகரும். ஊசி நேரத்தில் இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடம்பிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்த முடியும் என்பது அதன் சாரம். 1990-களிலிருந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஹார்பர்வியூ தீக்காய மையத்தில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இதை நடைமுறையில் செய்து பார்த்தார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அதன் திரையில் தெரியும் பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனிப்பந்து எறிவார். தீயில் வெந்த உடம்புக்குப் பனி உலகம்! வலி குறைவாகத் தெரிந்ததாக அவர்கள் சொன்னார்கள். 2012-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், ஆபரேஷனுக்குப் போகும் வழிச் சுவரையே ஜேசன் ப்ரூஜஸ் என்ற வடிவமைப்பாளரின் குழு காடாக்கிவிட்டது. பிள்ளை நடக்க நடக்க, மரங்களுக்கு நடுவே மானும் குதிரையும் ஒளியாகத் தோன்றி மறையும். படுத்தபடி தள்ளிச் செல்லப்படும் பிள்ளைக்கும் கண்ணில் படுகிற உயரத்தில் அந்த விளக்குகளை வைத்தார்கள். நான் அதில் கற்றுக்கொண்டது இந்த உயர விஷயத்தைத்தான். மற்றபடி நமக்கு அவ்வளவு பணமும் வேண்டாம், சுவரும் வேண்டாம்.

அனுமதி

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்குக் கடிதம் எழுதி, ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) வழியாகவும் குழந்தைகள் நலத் துறைத் தலைவர் வழியாகவும் போக வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரிலுள்ள அரசு மருத்துவமனை அப்படிப்பட்டது. மலைக் கிராமங்களிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். தனியார் மருத்துவமனையில் குழந்தை மருத்துவரையே நேரில் பார்த்துப் பேசலாம். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் (இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள்), என்னென்ன கருவி, எல்லாம் பேட்டரியில் ஓடும், போட்டோ எடுக்க மாட்டோம். இவ்வளவுதான்.

போட்டோ விஷயத்தில் உறுதியாக இருங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சட்டம் இருக்கட்டும். மொட்டை போட்ட தலையோடு, கையில் ஊசியோடு இருக்கும் ஒரு பிள்ளையின் படம் பத்து வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் போனில் இருக்கலாமா?

மேலிடத்து அனுமதி கிடைத்தாலும் வார்டை நடத்துவது இன்சார்ஜ் சிஸ்டர்தான். முதல் நாள் கருவி எதுவும் இல்லாமல் போய் அவரிடம் பேசுங்கள். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் எப்போது, மருந்து கொடுப்பது எப்போது, பிள்ளைகள் தூங்குவது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது மாலை 4 மணியிலிருந்து 5:30 வரை. அதை ஒருநாளும் தாண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியவை

பத்து அங்குலத் திரையுள்ள பழைய டேப்லெட் போதும். அது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும்; சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சில் வைத்தால் பாரம். மடக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் டிரிப்ஸ் கம்பியில் மட்டும் மாட்டாதீர்கள். பவர் பேங்க் கட்டாயம். வார்டில் பிளக் பாயிண்ட் நெபுலைசருக்கும் மானிட்டருக்கும் உரியது, அதைத் தொடவே கூடாது. இணையம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், உள்ளே பொருள் தெரிகிற ஜிப் பிளாஸ்டிக் பை. டேப்லெட்டை அதற்குள் போட்டு மூடினாலும் தொடுதிரை வேலை செய்யும். ஒரு பிள்ளை முடித்ததும் பையை 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, காய்ந்த பிறகு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். புற்றுநோய் மருந்து ஏறும் பிள்ளைகளுக்கும் தனியறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், போகலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். உங்களுக்கு லேசாகச் சளி இருந்தாலும் அந்த வாரம் போகாதீர்கள்.

தின்பண்டம் எதையும் கொண்டுபோகாதீர்கள். வழியில் வாங்கிய தட்டுவடை செட்டின் வாசம் பையிலிருந்து வந்தாலே, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது சித்திரவதை.

பனியைச் செய்வது

ஆயத்தமாகக் கிடைப்பவை நிறைய. டக்ஸ் பெயிண்ட் என்ற ஓவியச் செயலி இலவசம், இணையம் வேண்டாம், ஒவ்வொரு தூரிகைக்கும் ஒரு சத்தம் வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கே பிடித்துப்போகும். ஆனால் கொஞ்ச நாளில் நீங்களே செய்யத் தொடங்கிவிடுவீர்கள், தொடங்கவும் வேண்டும். நான் முதலில் செய்தது ஏற்காட்டுப் பனி.

திரை முழுக்க வெள்ளை. விரலால் துடைத்தால் அந்த இடத்தில் மட்டும் பனி விலகி, பின்னால் ஏரி தெரியும். இன்னும் துடைத்தால் படகு, சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, ஒரு மூலையில் நம்மையே பார்த்து நிற்கும் காட்டெருமை. விட்டுவிட்டால் பனி மெதுவாகத் திரும்ப மூடிக்கொள்ளும். பி5.ஜேஎஸ் என்ற இலவச நிரல் தொகுப்பில் இதற்கு முப்பது வரி போதும். அடியில் ஒரு படம், அதன்மேல் வெள்ளை அடுக்கு. விரல் பட்ட இடத்தில் மேலடுக்கை வட்டமாக அழிக்கச் சொல்லுங்கள். அரை விநாடிக்கு ஒரு முறை கொஞ்சமாக வெள்ளையை மறுபடி தூவச் சொல்லுங்கள். நிரல் எழுதிப் பழக்கமில்லை என்றால், கட்டங்களை அடுக்கியே நிரல் செய்யும் ஸ்கிராட்ச் போதும். பனியை ஒரு ஸ்ப்ரைட்டாக (தனியாக அசைக்கக்கூடிய படமாக) வைத்து, அதை மங்கலாக்கும் கோஸ்ட் எஃபெக்டைக் கூட்டினால் அது மங்கி மறையும்.

ஸ்கிராட்சில் மைக் சத்தத்தை 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டும் கட்டமும் உண்டு. அதை இந்த மங்கலோடு இணைத்துவிட்டால், பிள்ளை ஊதும்போது பனி விலகும். ஊசி நேரத்துக்கு இதைவிடக் கைகொடுத்தது வேறெதுவும் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: நான் வீட்டில் சரிபார்த்துவிட்டு வார்டுக்குப் போன முதல் நாள், யாரும் ஊதாமலே பனி விலகிக்கொண்டே இருந்தது. மின்விசிறி, இருமல், வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரம், எல்லாம் சேர்ந்து மைக்குக்கு ஊதல் மாதிரியே கேட்டது. ஆவலோடு ஊதக் காத்திருந்த பிள்ளைக்கு ஏமாற்றம். அதனால் வார்டுக்குள் போனதும் ஒரு நிமிஷம் சும்மா இருந்து அந்த எண் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு மேலே பத்துப் பதினைந்து வைத்து, அந்த அளவைத் தாண்டினால் மட்டும் பனி விலகும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பனியை ஒரு பையன் திருத்தினான். ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துப் பையன், ஒன்பது பத்து வயது. தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு வாரமாக யாரிடமும் பேசவில்லை என்று சிஸ்டர் சொன்னார். டேப்லெட்டை வாங்கி நான்கைந்து முறை துடைத்துப் பார்த்தான். அப்புறம் சொன்னான்:

“அக்கா, பனி இப்புடி மேல இருந்து எறங்காதுக்கா. பள்ளத்துல இருந்து ஏறி வரும். மொதல்ல காப்பித் தோட்டம் மறையும், அப்புறந்தான் ரோடு.”

லேப்டாப்பைத் திறந்து அவன் கட்டிலருகிலேயே உட்கார்ந்து மாற்றினேன். ரொம்ப வேகம் என்றான், குறைத்தேன். இன்னும் வெள்ளை வேண்டும் என்றான். கடைசியில் கையை உயர்த்தி “போதும்” என்றான். ஒரு வாரமாகப் பேசாத பிள்ளை, இருபது நிமிஷம் எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் படம் முடிந்துபோனதாக இருக்க வேண்டாம், பிள்ளை திருத்துவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். படத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்த இடமாக இருந்தால்தான் திருத்தவும் முடியும்.

ஆடி மாதத்தில் வேறொன்று செய்தோம். சேலம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை (வேஷம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் ஊர்வலம்) நடக்கும் நேரத்தில் வார்டில் கிடக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏக்கம் பெரிது. வெள்ளைத் தாளில் ஆளுக்கொரு வேஷம் வரையச் சொன்னோம். அந்தத் தாளை மட்டும் போட்டோ எடுத்து, பின்னணியை நீக்கி, வண்டி படத்தின்மேல் நிறுத்தி, புரொஜெக்டரில் சுவரோரமாக ஊர்வலம் விட்டோம். வண்டியைத் தொட்டால் மேளம் அடிக்கும். ஜப்பானில் டீம்லேப் என்ற குழு, பிள்ளைகள் வரைந்த மீன்களைப் பெரிய திரையில் நீந்தவிடும் வேலையைச் செய்கிறது, வழி அதேதான். இதற்கு எங்களுக்கு ஆன செலவு தாளும் கிரேயானும்தான்.

கண் கூசாமல்

படுத்தே இருக்கும் பிள்ளைக்காகப் புரொஜெக்டர் ஒளியை மேற்கூரையில் அடிக்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் ஊர் வார்டில் மேற்கூரையில் மின்விசிறி ஓடும். ஒளி இறக்கையில் வெட்டுப்பட்டு, படம் முழுக்கப் படபடவென்று மினுங்கியது. உடனே அணைத்தேன். வலிப்பு வரும் பிள்ளைகளில் சிலருக்கு மினுங்கும் ஒளியே வலிப்பைத் தூண்டிவிடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மினுங்கியதில் 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக வேண்டி வந்தது. ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மினுங்கக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கே வைத்திருக்கும் விதி. நம் வேலைக்கு மினுங்கலே வேண்டாம். விசிறிக்கு எட்டாத பக்கச் சுவரில் அடியுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், எந்தப் பிள்ளையின் கண்ணிலும் புரொஜெக்டர் ஒளி நேராக விழாமல் பாருங்கள்.

வார்டுக்குள் நுழைந்ததும்

கை கழுவிவிட்டு நேராக சிஸ்டரிடம் போங்கள். “சிஸ்டர், இன்னைக்கு யார்கிட்ட போகக் கூடாது?” இதுதான் முதல் கேள்வி. காரணம் கேட்க வேண்டாம்.

கட்டிலருகில் போனதும் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனியுங்கள், அல்லது உட்காருங்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ அனுமதி கேளுங்கள், அப்புறம் பிள்ளையிடமும் கேளுங்கள். “என்ன நோய் கண்ணு?” என்று கேட்காதீர்கள், காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். “இதைத் துடைச்சா என்ன வருதுன்னு பாக்கறியா?” என்று கேட்டுவிட்டு, நீங்களே ஒரு ஓரத்தைத் துடைத்துக் காட்டுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள்.

வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிட வேண்டும். “ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சாதீர்கள். ஊசியை வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு, வேண்டாம் என்று சொல்லி அது நடக்கிற ஒரே இடம் நீங்கள்தான். நான் பார்த்தவரை, வேண்டாம் என்ற பிள்ளைகளில் பாதிப்பேர் பக்கத்துக் கட்டிலில் நடப்பதைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிடுவார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தொட்டதும் ஒரு நிறம், ஒரு சத்தம், அது போதும். ஏழெட்டு வயதுக்கு மேல் எதையாவது உருவாக்கக் கொடுங்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைபோல் நடத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களிடம் ஸ்கிராட்சைத் திறந்து கொடுத்து, கீழ் வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று செய்து தரச் சொல்லுங்கள்.

கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தால் தொடுதிரை அந்தக் கையை அறியாது. அப்போது லேப்டாப் கேமராவைப் பயன்படுத்துங்கள். ஸ்கிராட்சின் வீடியோ சென்சிங், கேமரா முன் அசைவு தெரிந்தாலே படத்தை நகர்த்தும். தலையை ஆட்டினால்கூடப் போதும். அது எதையும் பதிவுசெய்யவில்லை என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கால் விரலால் டேப்லெட்டைத் துடைத்த பிள்ளையும் உண்டு.

ஊசி நேரம்

இதை முதல் மாதத்தில் செய்யாதீர்கள். சிஸ்டர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்து, அவர்களே கூப்பிட்டால் செய்யுங்கள்.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே தொடங்கிவிட வேண்டும். சிஸ்டர் டிரேயோடு வந்து நின்றபிறகு டேப்லெட்டை நீட்டினால் பயனில்லை, பயம் அதற்குள் ஏறிவிட்டிருக்கும். படுக்கவைத்து நான்கு பேர் அமுக்குவதைவிட, அம்மா மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொண்டால் பிள்ளை குறைவாகப் பதறும். முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். ஊசி எந்தக் கையிலோ, திரை அதற்கு எதிர்ப்பக்கம். ஊதும் பனி இங்கேதான் கைகொடுக்கும், கை இரண்டும் தேவையில்லை. “மூச்சை நல்லா இழு... இப்போ ஊது... காட்டெருமை தெரியுதா?” நீளமாக ஊதும்போது உடம்பு தானாகத் தளரும். ஊசி உள்ளே போகும் நேரத்தில் ஒரு ஊதல் நடந்துகொண்டிருக்கும்படி சிஸ்டரோடு கண்ஜாடை வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுச் சளி, மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையென்றால் ஊதல் வேண்டாம், துடைக்கும் பனி போதும்.

“வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். “சுருக்குனு இருக்கும், அப்புறம் சரியாயிடும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் ஊசி போடுவதற்கான திரைச்சீலையாக டேப்லெட்டை ஒருபோதும் பயன்படுத்த விடாதீர்கள். ஒரு பாட்டி நல்ல எண்ணத்தில்தான், “நீ பனியைப் பாரு, அவங்க சும்மா கையைப் பாக்கறாங்க” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டார். ஊசி ஏறியதும் அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் டேப்லெட்டைக் கண்டதுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. சில பிள்ளைகள் ஊசியைப் பார்த்தபடியே இருக்க விரும்புவார்கள். அவர்களைத் திருப்பவும் வேண்டாம்.

இது மருந்துக்கு மாற்றில்லை. தோல் மரத்துப்போகும் கிரீம் தடவினால் வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; அது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள அம்மாவுக்கு நினைவூட்டலாம். முடிவு டாக்டருடையது.

கிளம்பும்போது

வெடுக்கென்று டேப்லெட்டைப் பிடுங்காதீர்கள். “இன்னும் ரெண்டு தடவை துடைச்சிட்டுத் தர்றியா?” என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை வரைந்ததை அடுத்த வாரம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தால் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், மறு செக்கப்புக்கு வரும்போது சேர்ந்துவிடும். கட்டில் காலியாக இருந்தால், எங்கே என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், நோய் வேண்டாம். எந்தப் படம், எத்தனை நிமிஷம், பிள்ளை என்ன சொன்னது, எது ஓடவில்லை, அவ்வளவு போதும். போன வாரம் என் நோட்டில் இருப்பது: “காட்டெருமைக்குக் கொம்பு ரொம்பச் சின்னது என்று 7-ஆம் கட்டில் சொல்கிறது. சனிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும்.”